வாக்குச் சொன்ன சேவல்

போன வாரம் நம் பழைய பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி வீடியோ போட்டிருந்தாள். ஒரு தாய்க்கோழியும் பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளும் புல்லில் மேய்கின்றன, பின்னால் புல்லாங்குழல் கேட்கிறது. உடனே இதயமும் பூவும் கும்பிடுமாக வந்து விழுந்தன. அந்தக் காலம் இனி வருமா என்று ஒரு பெருமூச்சு வேறு. நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. என்ன கோபம் என்று தனியாகக் கேட்டவளுக்கு மூட்டுவலி என்று பதில் அனுப்பினேன். மூட்டுவலி இருப்பது உண்மைதான், ஆனால் அன்றைக்குக் காரணம் அது இல்லை.

எனக்குக் கோழிக்குஞ்சைப் பார்த்தால் ஆகாது. ஐரோலியில் என் மகன் வீட்டுக்குக் கீழே பொரித்த கோழி விற்கிற கடை இருக்கிறது, அதைக் கடந்து தினமும் போகிறேன், ஒன்றும் செய்வதில்லை. உயிரோடு நிற்கிற குஞ்சு தலையைச் சாய்த்துப் பார்த்தால்தான் எதிர்ப்பக்கம் தாண்டிப் போய்விடுகிறேன். ஏன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லலாம். உங்களில் இரண்டு மூன்று பேர் என் மடியில் இருந்த சேவலிடம் பரீட்சை முடிவு கேட்டவர்கள். அதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், மறந்த மாதிரி இருக்கிறீர்கள்.

எங்கள் கோலி என்கிற குடித்தன அறை தாராவியில் தோல் பட்டறைச் சுவரை ஒட்டிய வரிசையில் கடைசி வீடு. கீழே ஒரே அறை, ஏணி வைத்து ஏறினால் தலை இடிக்கிற ஒரு மாடி. பின்கதவைத் திறந்தால் ஆறடிச் சந்து, அதை அடுத்துச் சாக்கடை, அதற்கப்பால் பட்டறைச் சுவர். கடைசி வீடு என்பதால் அந்தச் சந்து எங்களுக்கே எழுதி வைத்ததுபோல் ஆகிவிட்டிருந்தது. அம்மா அங்கே எண்ணெய் டின்களைப் பிரித்துத் தட்டிய தகரத்தில் கூடு அடித்து ஒன்பது கோழியும் ஒரு சேவலும் வைத்திருந்தாள். உப்புப் போட்ட தோலும் சுண்ணாம்பும் கோழி எச்சமும் சேர்ந்த அந்த வாடை நம் மூக்கில் ஏறாது. வெளியிலிருந்து வருகிறவர்கள்தான் கைக்குட்டையைத் தேடுவார்கள்.

அம்மா அந்தச் சந்துக்கே குஞ்சு டாக்டர். பின்பக்கம் எச்சம் காய்ந்து அடைத்துக்கொண்ட குஞ்சை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி ஒற்றிச் சுத்தம் செய்வாள். இழுக்க மாட்டாள், இழுத்தால் குடல் வந்துவிடும் என்பாள். கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து எழுந்து நிற்க முடியாத குஞ்சுக்கு, கம்பளி நூலால் இரண்டு காலையும் ஒரு விரற்கடை இடைவெளி விட்டுச் சேர்த்துக் கட்டுவாள். மூன்றாம் நாள் அது நடக்கும். ஒட்டிய கண்ணுக்கு ஆறிய டிகாஷன் தொட்டுத் துடைப்பாள். இத்தனைக்கும் பிடித்துக்கொள்வது என் வேலை. உள்ளங்கைக்குள் குஞ்சின் நெஞ்சு அடித்துக்கொள்வது இப்போது நினைத்தாலும் என் கையில் தெரிகிறது.

எனக்குப் பத்து வயதான அந்தக் கோடைக்கு முன்னால் அத்தை விக்ரோலியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பாவின் தங்கை, ஒரே தங்கை. அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். அதற்கு முன் இரண்டு முறை ஆறாம் மாதம் ஏழாம் மாதம் என்று போய்விட்டிருந்தது. மாமா காலையில் கம்பெனிக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார், தனியாக விட முடியாது, பிள்ளை தங்கும்வரை இங்கேயே இருக்கட்டும் என்று அப்பா கூட்டி வந்துவிட்டார். குடம் தூக்கக் கூடாது, ஏணி ஏறக் கூடாது, குனியக் கூடாது. அதனால் அத்தை பகல் முழுக்கப் பின்கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்து கோழிகளைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். வீட்டில் எல்லாரும் அவள் வயிற்றைப் பார்ப்போம், பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வோம்.

அவள் வந்த சமயம் ஒரு கோழி பதின்மூன்று முட்டையோடு அடையில் இருந்தது. இருபதாம் நாள் அம்மா ஒரு முட்டையை எடுத்து அத்தையின் காதில் வைத்தாள். உள்ளே குஞ்சு தட்டுவது கேட்கும், உங்களுக்குத் தெரியும். அத்தை வாய்விட்டுச் சிரித்ததை அந்த வீட்டில் நான் பார்த்தது அன்றைக்குத்தான். மறுநாள் பதினொன்று வெளியே வந்துவிட்டன. ஒன்று கூமுட்டை. இன்னொன்று காலையிலிருந்து தட்டிக்கொண்டிருந்தது, மதியத்துக்குள் நின்றுவிட்டது. அத்தை அதைக் கீழே வைக்கவில்லை. சாயங்காலம்வரை காதோடு வைத்துக்கொண்டு, பேசாதே என்று எனக்குக் கை காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா வந்து பார்த்ததும் வெடுக்கென்று பிடுங்கிச் சாக்கடையில் எறிந்துவிட்டு, அத்தையின் கையைப் பிடித்து இழுத்துக் கொண்டுபோய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள்.

மறுநாள் காலை அம்மா குளித்து ஈரத் தலையோடு சேவலைப் பிடித்தாள். செம்பழுப்பில் கழுத்து மினுங்குகிற பெரிய சேவல், நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அதன் காலை மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவி, மஞ்சள் துணி கட்டி, ஊர் இருக்கும் தெற்குத் திசை பார்த்து நின்று ஊர்ச் சாமி மாடனுக்கு நேர்ந்துவிட்டாள். இந்தப் பிள்ளை தங்கினால் வருகிற கோயில் கொடைக்கு இது உனக்கு. அத்தையைப் பக்கத்தில் நிறுத்திச் சொன்னாள், அத்தை கையைக் கூப்பினாள்.

நேர்ந்துவிட்டதற்கு நம் பக்கத்துச் சட்டம் என்ன என்று உங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. அதைக் கட்டக் கூடாது, கவிழ்த்து மூடக் கூடாது, அடிக்கக் கூடாது, விற்கக் கூடாது. அது எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் விரட்டாமல் ஒரு கை நொய் போட வேண்டும். அதனால் அந்தச் சேவல் ஒரே நாளில் பெரிய மனுஷன் ஆகிவிட்டது. ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் புகுந்து தின்னும், குடிக்கும், எச்சம் போடும், அடுத்த வீட்டுக்குப் போகும். மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளைகூட அந்த உபசாரம் கண்டிருக்க மாட்டான்.

சீக்கு வந்ததை முதலில் காதுதான் கண்டுபிடித்தது. காலையில் ஏழெட்டுச் சேவல் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும் வரிசை நம்முடையது. ஒருநாள் இரண்டு மூன்று மட்டும் கூவின. அதற்கடுத்த நாள்களில் ஒன்றுமே இல்லை. பட்டறை மோட்டார் சத்தமும் ரயில் சத்தமும் இருந்தன, அவற்றுக்கு நடுவே கூவல் இருந்த இடம் காலியாகத் தெரிந்தது.

சொல்லப்போனால் அதற்கு முன்பே எங்கள் சேவல் இரண்டு நாள் சுருண்டு நின்றது. வாயைத் திறந்து திறந்து கொட்டாவி விட்டது, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது. வெக்கைக்கு அப்படித்தான் என்றாள் அம்மா. சேவல் தெளிந்து மறுபடி வீடு வீடாகக் கிளம்பிவிட்டது, அது தெளிந்ததே மாடன் காவலால்தான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். பிறகுதான் கோழிகள் விழ ஆரம்பித்தன. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி, தகரத்தைப் பார்த்தபடி வரிசையாக நிற்கும். தொண்டையில் கர், கர் என்று ஒரு சத்தம். யாரோ நம் முதுகுக்குப் பின்னால் நின்று தொண்டையைச் செருமுகிற சத்தம் அது. நட்டநடு மதியம், வெயில் தகரத்தில் பட்டுக் கண் கூசும், சந்தில் ஒரு ஆள் கிடையாது, அந்தச் செருமல் மட்டும் கேட்கும். நான் எத்தனை தடவை திரும்பிப் பார்த்திருப்பேன்.

அம்மா சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், பூண்டு, மஞ்சள் எல்லாம் அரைத்துச் சுண்டைக்காய் அளவு உருட்டினாள். நான் அலகைப் பிரிப்பேன், அவள் உள்ளே தள்ளுவாள். காலையில் கொடுத்த உருண்டை சாயங்காலம் செத்த கோழியின் தொண்டையிலேயே இருந்தது. பதினொரு குஞ்சையும் தனியாக ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு, பல்பு எரியவிட்டு, வீட்டுக்குள் ஏணிக்கு அடியில் வைத்தாள். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் சேவலும் வந்து நொய் தின்னும். அதை விரட்டத்தான் கூடாதே.

ஒருநாள் மதியம் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரு குஞ்சு தலையை முதுகின்மேல் மடித்து வைத்துக்கொண்டு மேலே பார்த்தது. நான் குனிந்திருந்ததால் என்னைப் பார்க்கிறது என்று நினைத்துச் சிரித்தேன். நகர்ந்து நின்று பார்த்தேன், அது என்னைப் பார்க்கவில்லை, என் தலைக்கு மேலே எதையோ பார்த்தது. மறுநாள் ஐந்து குஞ்சு அப்படிப் பார்த்தன. ஐந்தும் ஒரே இடத்தை. அப்படியே பின்பக்கமாக நடந்து, அட்டையில் இடித்து விழுந்தன. ஒரு வாரத்தில் பெட்டி காலி. பல்பை அணைக்க யாருக்கும் தோன்றாமல் இரண்டு நாள் வெறும் பெட்டிக்குள் அது எரிந்துகொண்டிருந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியம்மா இருந்தாள். நம் ஊர்ப்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. அவளிடமும் ஆறு கோழி இருந்தன. எங்கள் கோழி பாதி போனபோது அவள் அம்மாவிடம் வந்து சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"ஏ தங்கச்சி, அந்தச் சேவலத் தள்ளிக் கட்டிப் போடு. ஆஸ்பத்திரில சீக்காளிய தனி வார்டுலதான போடுதோம். இது வீடு வீடா கொண்டு குடுக்கு."

அம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது. சாமிக்கு விட்டதைக் கட்டுவதா, அதுவும் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில். வேதக்காரிக்கு இதெல்லாம் எப்படிப் புரியும் என்று அப்பாவிடம் பொரிந்தாள். பிறகு கொஞ்சம் யோசித்து, அவள் கண்தான் நம் கூட்டில் பட்டது என்ற முடிவுக்கு வந்தாள். அன்றைக்கே சேவல் பெரியம்மாவின் கூட்டுக்குள் போய்விட்டு வந்தது. நாலு நாளில் அவளுடைய ஆறும் போய்விட்டன. அவள் சண்டைக்கு வரவில்லை. பினாயில் கொண்டுவந்து கூட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

வரிசையில் மிஞ்சியது எங்கள் சேவல் ஒன்றுதான். அது மிஞ்சிய விதத்தைத்தான் சொல்ல வேண்டும். ஒரு காலை அம்மா பின்கதவைத் திறந்தபோது அது சந்து நடுவில் நின்றுகொண்டிருந்தது. கழுத்து கயிறு முறுக்கியதுபோல் முறுக்கி, கீழ்த்தாடை வானத்தைப் பார்த்திருந்தது. உடம்பு மெல்ல நடுங்கியது. பிறகு நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றியது, நின்றது, இன்னொரு சுற்று. அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். ஊர்க் கொடையில் சாமியாடி ஆடுவதை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். நடுக்கம், சுழற்சி, மேலே சொருகிய பார்வை. அம்மா உள்ளே ஓடிப்போய்க் கற்பூரத்தட்டோடு வந்தாள். சேவல்மேல் மாடன் இறங்கிவிட்டான் என்ற சேதி குழாயடிக்குப் போக பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

நம் கோயில்களில் பூவாக்குக் கேட்பார்கள் இல்லையா, சாமி தலையிலிருந்து பூ வலப்பக்கம் விழுந்தால் நல்ல வாக்கு, இடப்பக்கம் விழுந்தால் ஆகாது. அதே கணக்கைச் சேவலுக்கும் போட்டார்கள். கேள்வியைக் கேட்டுவிட்டு, சேவல் வலப்பக்கம் சுற்றினால் நல்லது. அதற்குத் தானாகத் தின்ன முடியாது. நொய்யைக் குறிபார்த்துக் கொத்தினால் அலகு ஒரு சாண் தள்ளிப் போய் விழும். அதனால் நான்தான் மடியில் வைத்துத் தவிட்டு உருண்டை ஊட்டுவேன், கரண்டியால் தண்ணீர் விடுவேன். வாக்குக் கேட்க வந்தவர்கள் முன்னால் அதை எடுத்துவந்து மணைப்பலகையில் விடுவதும் நான்தான் என்று ஆயிற்று. எனக்குப் பாவாடை சட்டை மாற்றி, நெற்றியில் திருநீறு வைத்துவிட்டார்கள். பெரிய மனுஷிகள் என்னைப் பார்த்து எழுந்து நின்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் கர்வத்தை இன்றைக்கு நினைத்தால் என்னை நானே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

இரண்டாம் நாளே எனக்கு அது தெரிந்துவிட்டது. ஊட்டும்போது உருண்டையை அதன் இடப்பக்கம் நீட்டினேன். அது இடப்பக்கம் திரும்பவில்லை. வலப்பக்கமாக முழுச் சுற்றுச் சுற்றி வந்து உருண்டை இருக்கும் இடத்தை அடைந்தது. மறுபடி இடப்பக்கம் வைத்தேன், மறுபடி வலப்பக்கச் சுற்று. கழுத்தை விரலால் மெல்ல இடப்பக்கம் தள்ளிப் பார்த்தேன், மரக்கட்டை மாதிரி இருந்தது. அதற்கு வலப்பக்கம் மட்டும்தான் உண்டு. யார் வந்து எதைக் கேட்டாலும் அது நல்ல வாக்கு மட்டுமே சொல்லும். நல்ல வாக்குச் சொல்கிற சாமியை யாருக்குச் சந்தேகப்படத் தோன்றும். எல்லாரும் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள், நானும் வாயைத் திறக்கவில்லை.

அத்தை மட்டும் எதுவும் கேட்டதில்லை. நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். சேவல் அவளுக்கு எதிரே வந்து நின்று, தாடையை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நடுங்கும். இருவரும் அப்படியே வெகுநேரம் இருப்பார்கள். அந்த நேரத்தில் பின்பக்கம் போக எனக்குக் கால் வராது.

அத்தைக்கு ஏழாம் மாதம் தொடங்கியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம், பெரியம்மா வேலைக்குக் கிளம்பி எங்கள் வாசலில் வந்து நின்றாள். அம்மா அவளோடு பேசுவதில்லை, அதனால் நேராக அத்தையிடம்தான் பேசினாள். வயிறு இறங்கினாற்போல் இருக்கிறதே, அசைவு இருக்கிறதா என்று கேட்டாள். கொஞ்சம் கம்மியாக இருக்கிறது என்றாள் அத்தை. அப்படியென்றால் இப்போதே என்னோடு வா, வார்டில் தெரிந்த நர்ஸ் இருக்கிறாள், கேட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று பெரியம்மா கையை நீட்டினாள். அம்மா பதறி எழுந்தாள். இவளோடு போவதா வேண்டாமா என்று அவளுக்கே ஓடவில்லை.

அத்தை என்னைப் பார்த்தாள். "சேவலக் கொண்டா," என்றாள்.

நான் கொண்டுவந்தேன். மணைப்பலகையில் விட்டேன். அம்மா கற்பூரம் ஏற்றினாள். பெரியம்மா வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை, ஆனால் போகவும் இல்லை. அத்தை கண்ணை மூடாமல், சேவலை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"எம் பிள்ள நல்லா இருக்கா?"

சேவல் நடுங்கியது. நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டும் என்று வாயையும் திறந்தேன். இதற்கு வேறு பக்கமே கிடையாது, இதைக் கேட்காதீர்கள், பெரியம்மாவோடு போங்கள். ஏழெட்டு வார்த்தைதான். சொன்னால் நெற்றித் திருநீறு போய்விடும், இத்தனை நாள் ஏமாற்றினாய் என்று முதுகில் விழும் என்று பயம். அதைவிடப் பெரிய பயம், அத்தையின் முகம். சேவல் வலப்பக்கமாக ஒரு சுற்று முழுசாகச் சுற்றி நின்றது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அத்தை பெரியம்மாவைப் பார்த்துச் சிரித்தாள், நாளைக்குப் பார்ப்போம் என்று மட்டும் சொன்னாள். பெரியம்மா சிலுவை போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் அத்தையை டாக்சியில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோனார்கள். ஒரு வாரம் கழித்து வயிறில்லாமல் வந்தாள். ஆண் பிள்ளை என்று மாடியில் யாரோ பேசியது எனக்குக் கேட்டது. அவளும் பிழைத்ததே பெரிய விஷயம் என்று டாக்டர் சொன்னாராம். எங்கள் வீட்டில் பல நாள் யாரும் அடுப்பைத் தவிர எதையும் தொட்டதாக எனக்கு நினைவில்லை.

பெரியவர்கள் கூடிக் கூடிக் காரணம் கண்டுபிடித்தார்கள். சாமி நல்ல வாக்குக் கொடுத்த பிறகும் பிள்ளை போயிற்று என்றால், வாக்கு விழுந்த நேரத்தில் வாசலில் நின்று சிலுவை போட்டவள்தான் காரணம் என்று அம்மா சாதித்தாள். சீக்குக் கோழியை நேர்ந்துவிட்டது தப்பு என்றார் மாமா. அப்பா யாரோடும் சண்டை பிடிக்காமல் கூட்டை உடைத்தார். என்னை ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பெரியம்மா இரண்டு முறை சரியாகச் சொன்னாள், இரண்டு முறையும் அவளுக்குக் கிடைத்தது பழிதான். அடுத்த வருஷம் அவள் வீட்டைக் காலி செய்துகொண்டு திலக் நகர்ப் பக்கம் போய்விட்டாள். அம்மா சாகும்வரை அவள் பேச்சை எடுத்தால் எச்சில் துப்புவாள்.

பிள்ளை தங்காததால் நேர்ச்சை இல்லை என்று ஆகி, அம்மா சேவலின் காலிலிருந்து மஞ்சள் துணியை அவிழ்த்தாள். அதற்குப் பிறகு அதை யாரும் கும்பிடவும் இல்லை, ஊட்டவும் இல்லை. மழை பிடிப்பதற்குக் கொஞ்சம் முன்பு ஒரு மதியம், நான் பின்கதவில் நின்றிருந்தேன். சேவல் மேலே பார்த்தபடியே பின்பக்கமாக நடந்தது. நடந்து நடந்து சாக்கடை விளிம்புக்கு வந்தது. எட்டினால் பிடித்திருக்கலாம். நான் பிடிக்கவில்லை. விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் அது சுற்றிக்கொண்டிருந்தது, வலப்பக்கமாகவே.

பல வருஷம் கழித்து, நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைச் சேர்க்க வந்த ஒரு கால்நடை டாக்டரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் கேட்ட உடனே சீக்கின் பெயரைச் சொன்னார். எச்சத்தில், தண்ணீரில், செருப்பில்கூடப் பரவும். நரம்பைத் தாக்கும், பிழைத்தது கழுத்து முறுக்கிக்கொண்டு சுற்றும், பெரும்பாலும் ஒரே பக்கமாக. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணில் ஒரு சொட்டு மருந்து விட்டால் போதும், மேடம், என்றார். ஒரு சொட்டு. நான் விண்ணப்பப் படிவத்தை அவரிடம் தலைகீழாக நீட்டியிருக்கிறேன், அவர்தான் திருப்பி வாங்கிக்கொண்டார்.

அத்தைக்கு அதன் பிறகு எதுவும் உண்டாகவே இல்லை. மாமா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. விக்ரோலியில் மாமாவின் தம்பி மகன் வீட்டில் இருக்கிறாள், எண்பதைத் தொடுகிற வயது. போன வருஷம் எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். படுத்துக் கிடந்தபோது, இதைச் சொல்லாமல் போய்விடக் கூடாது என்று ஒரே நினைப்பு. நடக்க முடிந்ததும் ஒரு ஆட்டோ பிடித்து விக்ரோலிக்குப் போனேன். வீட்டில் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். டிவியில் சத்தம் இல்லாமல் படம் ஓடிக்கொண்டிருந்தது, அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். "அத்தே, அந்தச் சேவலுக்கு எடப்பக்கம் திரும்பவே வராது. எனக்கு அப்பமே தெரியும். சொல்லாம இருந்துட்டேன்."

எந்தச் சேவல் என்று அவள் கேட்கவில்லை. ஐம்பது வருஷத்துக்கு முந்தையதை நேற்றுப் பேசி நிறுத்தியதுபோல எடுத்துக்கொண்டாள்.

"எனக்கும் தெரியும்ட்டி," என்றாள். "பகலு பூரா அது மூஞ்சில முழிச்சிக்கிட்டுக் கெடந்தவ நாந்தான. அது எந்தப் பக்கம் திரும்பும்னு எனக்குத் தெரியாதா?"

பிறகு எதற்கு அதைக் கேட்டீர்கள் என்றேன். அவள் இரண்டு கையையும் மடியில் சேர்த்து வைத்துக்கொண்டாள்.

"புதங்கெழமையே அசைவு நின்னுட்டு. வெள்ளிக்கெழமதான் அவ வந்து கூப்பிட்டா. போனா நர்சம்மா கொழாய வச்சிக் கேப்பா, இல்லேன்னுருவா. அவ சொல்லுத வரைக்கும் பிள்ள எங்கிட்டதான இருக்கு. மொத ரெண்டு தடவையும் ஜல்தி ஜல்தின்னு ஓடிப்போயிக் குடுத்துட்டு வந்துட்டேன். இந்தத் தடவ இன்னும் ஒரு நா வச்சிக்கிடுவோம்னு இருந்துச்சு. அவளச் சும்மா அனுப்ப முடியுமா, ஒங்கம்மாவ சமாளிக்க முடியுமா? அதான் சேவலக் கொண்டாரச் சொன்னேன். அது மாத்திச் சொல்லாதுல்லா."

டிவியில் யாரோ வாயசைத்துக்கொண்டிருந்தார்கள். அத்தை என் பக்கம் திரும்பி, என் முழங்கைக்கு மேலே மெதுவாகப் பிடித்தாள்.

"நீ அன்னைக்கி வாயத் தொறந்த, நான் பாத்தேன்," என்றாள். "எங்க சொல்லிருவியோன்னு, எனக்கு ஒன்ன நெனச்சித்தான் ஒரே பயமா இருந்துச்சு."